கவ்வி காத்த ஆற்றுவெள்ளை

கருங்கல்லாற்றின் மூன்றாம் படியில் கவ்வி என்று ஒரு நண்டு இருந்தாள்.

அந்த ஆறு மலையிலிருந்து இறங்கும் இடத்தில் ஏழு பாறைப் படிகள் உண்டு. தண்ணீர் ஒவ்வொரு படியிலும் விழுந்து, சிதறி, நுரைத்து, அடுத்த படிக்கு ஓடும். அந்தப் பாறை இடுக்குகளில் ஒரு பூச்செடி வளர்ந்தது. அதற்கு ஆற்றுவெள்ளை என்று பெயர். வெங்காயம் போல ஒரு கிழங்கு, நீண்ட இலைகள், ஆறு மெல்லிய இதழ்கள் கொண்ட வெள்ளைப் பூ. பிடிக்க மண்கூட இல்லாத இடத்தில், அடித்து ஓடும் தண்ணீருக்கு நடுவில், அது எப்படி நிற்கிறது என்று யாரும் யோசித்ததில்லை. இருக்கும்போது யார் யோசிக்கிறார்கள்?

ஒரு காலத்தில் ஏழு படியும் வெள்ளையாகப் பூக்கும். பிறகு இரண்டு வருடம் மழை பொய்த்தது. ஆறு இளைத்து வாய்க்காலானது. நடக்க வழி கிடைத்ததும் எருமைகள் இறங்கி வந்து இலையைத் தின்றன, கிழங்கை மிதித்தன. கடைசியில் ஒரே ஒரு செடிதான் மிஞ்சியது. அது கவ்வியின் வீட்டுக் கூரையாக இருந்தது.

வீடு என்றால் ஒரு பாறைப் பிளவு, அவ்வளவுதான். செடியின் வேர்கள் சரளைக் கற்களை இறுக்கிப் பிடித்து அந்தப் பிளவை மூடியிருந்தன. நீர்நாய் வந்தால் கவ்வி உள்ளே புகுந்துகொள்வாள். நீர்நாயின் மூக்கு வேரில் இடிக்கும். அது தும்மிக்கொண்டு திரும்பிப் போகும். மூன்று முறை அப்படித் தப்பியிருக்கிறாள். அவளுடைய குஞ்சுகளும் அந்தக் கூரைக்கு அடியில்தான், அவள் வயிற்று மடலுக்குள் இருந்தபடி வளர்ந்தன. சித்திரையில் கோடை மழை பெய்து புதுத் தண்ணீர் வந்த அன்று, மடலைவிட்டு இறங்கிப் போய்விட்டன.

குஞ்சுகள் போன பிறகு கவ்விக்குக் கவலைப்பட ஆள் இல்லாமல் போயிற்று. அவளோ கவலைப்படுவதில் கெட்டிக்காரி. அந்தக் கவலை முழுவதையும் தூக்கிச் செடியின் மேல் வைத்தாள். காலையில் எழுந்ததும் இலைகளை எண்ணுவாள். ஏழு இருக்கும். மத்தியானம் மறுபடி எண்ணுவாள். ஏழுதான் இருக்கும். சாயங்காலம் ஒரு சரளைக் கல்லை மெதுவாக நகர்த்தி, வேர் சரியாக இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பாள். பார்த்துவிட்டுக் கல்லைத் திரும்ப வைப்பாள். முன்பு இருந்தது போலவே வைத்ததாக நினைத்துக்கொள்வாள்.

வைகாசி பிறந்தது. செடியின் நடுவிலிருந்து ஒரு மொட்டுத் தண்டு கிளம்பியது. கவ்விக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கரையோரத்துக் குழியில் பெருவாயன் என்று ஒரு தவளை குடியிருந்தான். ஒருநாள் காலையில் அவன் தாவித் தாவி மூன்றாம் படிக்கு வந்தான்.

"என்ன தங்கச்சி, காலையிலேயே முகம் வாடிக் கிடக்கு?"

"இலை நடுங்குதுண்ணே" என்றாள் கவ்வி.

"நடுங்காம என்ன செய்யும்? ஓயாம தண்ணி அடிச்சா நீயும் நானும்கூட நடுங்குவோம். போன வருசம் பூத்துச்சே, அந்தப் பூ என்னாச்சு?"

"கிழிஞ்சு போச்சு. ரெண்டே நாள்தான் இருந்துச்சு. இதழெல்லாம் தண்ணியோட போயிடுச்சு."

"காய் காய்ச்சுச்சே, அந்த விதை?"

"அதுவும் போயிடுச்சு."

"எங்க போச்சு?"

"ஆத்துலதான்."

பெருவாயன் கண்ணை மெல்ல மூடித் திறந்தான். "அப்ப இந்தச் செடிக்கு யார் எதிரின்னு இன்னுமா புரியல உனக்கு? எருமை வருசத்துக்கு ஒரு தடவை வரும். ஆறு தினம் தினம் வருது."

கவ்வி திடுக்கிட்டாள். பிறந்ததிலிருந்து ஆற்றில் இருக்கிறாள். ஆற்றை அப்படிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை.

"தாமரை எங்க இருக்கு? குளத்துல. அல்லி எங்க இருக்கு? குட்டையில. நல்ல குடும்பத்துப் பூ ஏதாவது ஓடுற தண்ணியில குடியிருக்கா, சொல்லு? இது பாவம், வழி தெரியாம வந்து இங்க மாட்டிக்கிச்சு."

"தண்ணியை நிறுத்திட்டா நல்லா இருக்குமோண்ணே?"

"நான் அப்படிச் சொல்லலையே தங்கச்சி. நீதான் சொல்ற" என்றான் பெருவாயன். "ஆனா நல்ல யோசனைதான்."

அவன் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. போன வருடம் அவன் வீட்டுக்காரி இட்ட முட்டைகள் குழித் தண்ணீர் வற்றியதில் காய்ந்து போயின. ஓடும் ஆற்றில் தவளை முட்டை தங்காது. மூன்றாம் படியில் தண்ணீர் தேங்கி நின்றால் அவன் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல குட்டை கிடைக்கும். அதற்காக வந்தவன், நண்டின் கவலையைப் பார்த்ததும் அதையே பிடித்துக்கொண்டான்.

அன்று மத்தியானமே கவ்வி வேலையில் இறங்கிவிட்டாள். மூன்றாம் படியிலிருந்து நான்காம் படிக்குத் தண்ணீர் இறங்க இரண்டு பாறைகளுக்கு நடுவே ஒரு வாசல் இருந்தது. கோடையில் ஆறு மெலிந்திருந்ததால் தண்ணீர் முழுவதும் அந்த ஒரே வாசல் வழியாகத்தான் போயிற்று. அதை அடைத்துவிட்டால் போதும். சேற்றை உருட்டி அடைப்பது நண்டுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய வேலையா? தன் பங்காளிகள் பத்துப் பேரைக் கூப்பிட்டாள். குச்சியைக் குறுக்கே செருகினார்கள். சருகைத் திணித்தார்கள். சேற்று உருண்டைகளை வரிசையாக வைத்து அப்பினார்கள். வேலையில் பாதி நேரம் யார் உருண்டை பெரியது என்ற சண்டையில் போயிற்று. ஆனாலும் மூன்று நாளில் வாசல் அடைபட்டது.

கல்லொட்டி மீன் ஒருவன் அந்த வாசலில்தான் வழக்கமாக இருப்பான். வாயால் பாறையைக் கவ்வி ஒட்டிக்கொண்டு, மேலே பாயும் தண்ணீரில் மூச்சுவிட்டு வாழும் மீன் அது. எல்லோரும் அவனை ஒட்டி என்றே கூப்பிடுவார்கள்.

"என்னக்கா பண்றீங்க?" என்று கேட்டான் ஒட்டி.

"செடியைக் காப்பாத்துறேன்."

"யார்கிட்ட இருந்து?"

"ஆத்துக்கிட்ட இருந்து."

ஒட்டி பாறையை விட்டுவிட்டு மறுபடி ஒட்டிக்கொண்டான். "அக்கா, ஓடுற தண்ணியிலதான் எனக்கு மூச்சு. அந்தச் செடிக்கும் அப்படித்தானோ என்னவோ. அதைக் கேட்டீங்களா?"

"செடி எப்படிப்பா பேசும்?"

"பேசாது. ஆனா அது எங்க முளைக்குது, எங்க முளைக்கலன்னு பார்த்தாலே தெரியும். ஏழு படியிலயும் இருந்துச்சு. கரைக்குட்டையில ஒண்ணாவது இருந்துச்சா?"

நல்ல கேள்வி. ஆனால் பயத்தில் இருப்பவரிடம் நல்ல கேள்வி கேட்டால் கோபம்தான் வரும். "உனக்கு ஒட்டிக்க வேற படியே இல்லையா? போ, போய் அங்க ஒட்டிக்க" என்றாள் கவ்வி.

ஒட்டி ஆறாம் படிக்குப் போய்விட்டான்.

மூன்றாம் படி குட்டையாயிற்று. மேலிருந்து வரும் கொஞ்சத் தண்ணீர் பாறை ஓரமாகக் கசிந்து வழிந்தது. சத்தம் அடங்கியது. இலைகள் நடுங்கவில்லை. மொட்டு விரிந்தது. ஆறு இதழும் ஒரு கீறல் இல்லாமல் நின்றன. ஐந்து நாள் அந்தப் பூ அப்படியே இருந்தது. கவ்விக்குப் பெருமை தாங்கவில்லை. போகிற வருகிற தட்டான்பூச்சியை எல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

"நான் சொன்னேன்ல?" என்றான் பெருவாயன். அவன் வீட்டுக்காரி குட்டையின் ஒரு மூலையில் முட்டையிட்டிருந்தாள்.

பூ வாடி, தண்டின் நுனியில் காய் பிடித்தது. கவ்வி அன்றைக்கு மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் அவள் இலைகளை எண்ணினாள். ஆறுதான் இருந்தது. ஏழாவது இலை மஞ்சளாகித் தண்ணீரில் மிதந்தது.

அவள் எஞ்சிய இலைகளை உற்றுப் பார்த்தாள். அடியில் வழவழவென்று பாசி படர்ந்திருந்தது. பிளவுக்குள் போய்ப் பார்த்தாள். ஓடும் தண்ணீர் அடித்துக்கொண்டு போக வேண்டிய வண்டல் முழுவதும் அங்கே படிந்திருந்தது. வேரிலிருந்து அழுகல் வாடை வந்தது.

அவள் பெருவாயனிடம் ஓடினாள்.

"புது இடம்னா முதல்ல அப்படித்தான் இருக்கும் தங்கச்சி. கொஞ்சம் பொறு" என்றான் அவன். அவன் பார்வை மூலையில் நெளியும் கறுப்புத் தலைப்பிரட்டைகள் மேல் இருந்தது.

பொறுமையாக இருப்பது கவ்விக்குத் தெரியாத வேலை. கொடுக்கால் பாசியைச் சுரண்டினாள். சுரண்டிய இடத்தில் இலை கீறியது. வேரைச் சுற்றியிருந்த வண்டலைத் தோண்டி எடுத்தாள். வண்டலோடு சரளைக் கல்லும் வந்தது. காலையில் தோண்டினாள், மாலையிலும் தோண்டினாள். மறுநாள் மறுபடி வண்டல் படிந்தது, மறுபடி தோண்டினாள். ஒருநாள் அவள் தோண்டிக்கொண்டிருக்கும்போது கிழங்கு இலேசாக அசைந்தது. இதுவரை அது அசைந்ததே இல்லை. அவள் சட்டென்று கொடுக்கை எடுத்துக்கொண்டு, எதையும் பார்க்காதவள் போல வெளியே வந்துவிட்டாள். அன்று முழுக்க அந்த அசைவே அவள் மனதில் ஆடிக்கொண்டிருந்தது.

ஆனி முடியும் சமயம். இலை நான்காகிவிட்டது. காய் மட்டும் கனத்துத் தலை கவிழ்ந்தது. ஒருநாள் வெடித்தது. புளியங்கொட்டை அளவில் மூன்று பச்சை விதைகள் உருண்டு விழுந்து தண்ணீரில் மூழ்கின.

கவ்வி பாய்ந்து போய் மூன்றையும் பிடித்தாள்.

இந்த ஊர் உலகத்தில் மிஞ்சியிருக்கும் ஆற்றுவெள்ளை விதைகள் அவ்வளவுதான். எங்கே வைப்பது? சேற்றில் வைத்தால் அழுகும். பாறை மேல் வைத்தால் வெயிலில் காயும். எலி தின்னும், மைனா கொத்தும். ஒரு நண்டுக்குத் தெரிந்த பத்திரமான இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அவள் தன் வயிற்று மடலைத் திறந்தாள். குஞ்சுகள் இருந்த இடத்தில் மூன்று விதைகளையும் வைத்து மூடிக்கொண்டாள்.

மனதுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது. மடல் காலியாக இருந்தது அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"அக்கா!" என்று பாறை ஓரத்தில் ஒரு குரல் கேட்டது. ஒட்டி. வழிந்தோடும் கசிவில், பாறையை வாயால் பற்றிப் பற்றி மூன்று படி ஏறி வந்திருந்தான். "காய் வெடிச்சிருக்குமேன்னு பார்க்க வந்தேன். விதை எங்க?"

"எங்கிட்ட பத்திரமா இருக்கு" என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினாள் கவ்வி.

ஒட்டிக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. "அக்கா, உங்க குஞ்சுகளை எப்ப வெளிய விட்டீங்க?"

"புதுத் தண்ணி வந்த அன்னிக்கு."

"ஏன் விட்டீங்க? உள்ளேயே வச்சிருக்கலாமே. வெளிய நீர்நாய் இருக்கு, கொக்கு இருக்கு."

"நல்லாக் கேட்ட போ! உள்ளேயே இருந்தா மூச்சு முட்டிச் செத்துப்போகும். வளரணும்னா வெளிய போய்த்தானே ஆகணும்."

"இந்த விதையும் அப்படித்தான் இருந்தா?"

"இது குஞ்சு இல்ல. இதுக்குக் காலா இருக்கு, ஓடி ஒளியறதுக்கு?"

"கால் இல்ல. அதுக்குத்தான் ஆறு இருக்கு. மழை பொய்க்கிறதுக்கு முன்னாடி, ஆறு நிறைய ஓடினப்ப நான் பார்த்திருக்கேன். விதை மிதக்காது. கனமா இருக்கும். அடியில உருண்டுக்கிட்டே போகும். சுத்தமா கழுவின பாறை இடுக்கு ஒண்ணு வந்தா, போய்ச் சொருகிக்கும். மேல மேல தண்ணி அடிக்க அடிக்க இன்னும் இறுக்கமா சொருகும். அந்தச் செடி ஆத்தை எதிர்த்து நிக்கல அக்கா. ஆறுதான் அதைப் பிடிச்சு வச்சிருக்கு."

"உருளும்போது இடுக்கு வரலைன்னா?"

பொய் சொல்ல ஒட்டிக்கு வராது.

"தெரியாதுல்ல? அப்ப சும்மா போ" என்றாள் கவ்வி. மடலை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து மழை பிடித்துக்கொண்டது. முதலில் இங்கே தூறல். பிறகு மலை முழுவதும் கறுத்து மூடியது. மூன்றாம் நாள் காலையில் மேல்படியிலிருந்து விழும் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தது. அது வந்தால் பின்னால் வெள்ளம் வருகிறது என்று ஆற்றில் பிறந்த எல்லோருக்கும் தெரியும்.

கவ்வி அடைத்த வாசலைப் பார்த்தாள். குட்டையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அணை சேற்றில் இறுகிக் கல் போல நின்றது. முதல் முறையாக அவளுக்கு எல்லாம் ஒன்றாகப் புரிந்தது. வாசல் திறந்திருந்தால் வெள்ளம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, எப்போதும் போலச் செடியின் தலைக்கு மேல் ஓடிப் போயிருக்கும். இப்போதோ தண்ணீர் சேர்ந்து சேர்ந்து, அணை உடையும்போது மொத்தமாகப் பாயும். கிழங்கைப் பிடிக்கச் சரளை இல்லை. அதைத் தோண்டி எடுத்தவள் அவளேதான்.

அவள் ஓடிப்போய் ஒரு குச்சியைப் பிடித்து இழுத்தாள். முன்னால் பெருவாயன் வந்து குதித்தான்.

"வேண்டாம் தங்கச்சி! இப்பத் திறந்தா என் பிள்ளைங்க எல்லாம் வாரிக்கிட்டுப் போயிடும். பின்னங்கால் வந்துடுச்சு. முன்னங்கால் இன்னும் வரல. பத்தே நாள் குடு."

"பத்து நாள் இல்லண்ணே. பொழுது சாயறதுக்குள்ள வெள்ளம் வந்துடும்."

பெருவாயன் மேல்படியைத் திரும்பிப் பார்த்தான்.

"ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நீங்க சொன்னது என் செடிக்காகவா, உங்க பிள்ளைங்களுக்காகவா?"

பெருவாயன் தலையைக் குனிந்தான். "ரெண்டுக்கும்தான்னு நினைச்சேன் தங்கச்சி. பிள்ளைங்களுக்குக் கொஞ்சம் கூட நினைச்சேன்."

கவ்விக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. ஆனால் மூலையில் நெளிந்த கறுப்புக் கூட்டத்தைப் பார்த்ததும் கத்த மனம் வரவில்லை. பின்னங்கால் மட்டும் முளைத்து, எங்கே போவது என்று தெரியாமல் சுற்றிக்கொண்டிருந்தன. இவற்றை வெள்ளத்தில் விட்டால் ஒன்றுகூடப் பிழைக்காது.

"உங்க பழைய குழியை இந்த ரெண்டு நாள்ல போய்ப் பார்த்தீங்களா?"

"அது காய்ஞ்ச குழியாச்சே."

"மழை பேயுதுண்ணே! போய்ப் பாருங்க!"

அவன் தாவிப் போனான். வாயைப் பிளந்துகொண்டு திரும்பி வந்தான். குழி விளிம்பு வரை நிறைந்திருந்தது. வற்றிவிடும் என்று பயந்தவன், நிறைந்ததைப் பார்க்கவே இல்லை.

குட்டைக்கும் குழிக்கும் நடுவில் மூன்று முழ ஈர மண் இருந்தது. கவ்வி தோண்டினாள். வாழ்நாளில் அப்படித் தோண்டியதில்லை. பின்னால் பெருவாயன் மண்ணைக் காலால் எத்தித் தள்ளினான். வாய்க்கால் போய்க் குழியைத் தொட்டதும் தண்ணீர் அந்தப் பக்கம் வழிந்தது. தலைப்பிரட்டைகள் அதோடு இறங்கின. கடைசிச் சிலவற்றைப் பெருவாயன் வாயிலேயே அள்ளிக்கொண்டு போனான். அவன் வாய் அன்றைக்குத்தான் நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது.

கவ்வி அணைக்கு ஓடினாள். இரண்டு குச்சியைப் பிடுங்கினாள். ஒரு விரல் அகலம் தண்ணீர் வெளியே பீய்ச்சியது. மூன்றாவது குச்சியைப் பிடித்தபோது மேலே மலை உறுமுவது போல ஒரு சத்தம் கேட்டது. நேரம் முடிந்துவிட்டது.

வெள்ளம் மேல்படியிலிருந்து சுவர் போல விழுந்தது. அணை அப்படியே பெயர்ந்து போயிற்று. கவ்வி வாசல் பாறையின் அடியில் நாலைந்து கால்களைச் செருகிக்கொண்டாள். செம்மண் தண்ணீருக்குள் கண்ணை விழித்துப் பார்த்தாள். நான்கு இலைகள் ஒருபக்கமாகச் சாய்ந்தன. கிழங்கு ஒரு முறை அசைந்தது. பிறகு வேரும் இலையுமாக மொத்தமும் கழன்று, அவள் தலைக்கு மேலாகச் சுழன்று, நான்காம் படிக்கு விழுந்து மறைந்தது. கொடுக்கை நீட்டினாள். எட்டவில்லை.

"ஐயோ, நானே தோண்டிட்டேனே!" என்று அழுதாள். வெள்ளத்தில் அவள் அழுததை யார் கேட்பார்கள்?

ஒருவன் கேட்டான். ஒட்டிதான். பக்கத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தான். பாயும் தண்ணீரில் அவனுக்கு மூச்சு தாராளமாக இருந்தது.

"அக்கா, மடலைத் திறங்க."

"இது மூணுதான் மிச்சம்!"

"தெரியும்க்கா."

"விட்டா போயிடும்."

"விடலைன்னாலும் போயிடும். உங்க வயித்துலேயே அழுகிப் போயிடும்."

கவ்வியின் உடம்பு நடுங்கியது. மூன்று விதைகளும் வயிற்றில் உறுத்தின. இடுக்கு வருமா? வரலைன்னா? விதையைக் கொறித்துத் தின்ன ஒரு பிராணிகூட இல்லாமலா இருக்கும் இவ்வளவு பெரிய ஆற்றில்? அவள் பெயரே கவ்வி. ஒன்றைப் பிடித்தால் விடுவது அவள் குலத்திலேயே கிடையாது. ஆனால் சித்திரையில் ஒருநாள் நூறு குஞ்சுகளை இதே தண்ணீரில் விட்டிருக்கிறாள். அன்றைக்கும் இதே நடுக்கம்தான் இருந்தது. அன்றைக்கும் யாரும் அவளுக்கு உறுதி சொல்லவில்லை.

மடலைத் திறந்தாள்.

ஒன்று உடனே போயிற்று. இரண்டாவது அவள் காலில் ஒரு கணம் தட்டி நின்று, பிறகு போயிற்று. மூன்றாவது எப்போது போனது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஆடி முழுக்க வெள்ளம். ஆவணியில் சற்று வடிந்து, ஐப்பசியில் மறுபடி ஏறியது. கவ்வி மூன்றாம் படியில் கூரையில்லாத பிளவில் கிடந்தாள். நீர்நாய் ஒரு தடவை வந்தபோது ஒரு காலைப் பறிகொடுத்துத்தான் தப்பினாள். பறிபோன கால் முளைத்துவிடும். நண்டுக்கு அந்த வசதி உண்டு. பறிபோன செடி முளைக்குமா என்றுதான் அவள் எந்நேரமும் நினைத்துக்கொண்டிருந்தாள். எண்ணிப் பார்க்க இலை இல்லை. எட்டிப் பார்க்க வேர் இல்லை. கவலை மட்டும் அப்படியே இருந்தது.

குழிக்குள் வளர்ந்த தவளைக் குஞ்சுகள் கரையெல்லாம் தாவித் திரிந்தன. பெருவாயன் அவற்றைக் கூட்டிக்கொண்டு வந்து, "இதுதான் உங்க அத்தை" என்று காட்டினான். கவ்வி எல்லாவற்றையும் பார்த்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் கண் செடி இருந்த இடத்துக்கே போயிற்று.

தை பிறந்ததும் தண்ணீர் தெளிந்தது. கவ்வி இறங்கித் தேடப் புறப்பட்டாள். நான்காம் படியில் ஒவ்வொரு இடுக்காகப் பார்த்தாள். சருகு இருந்தது. ஐந்தாம் படியில் பார்த்தாள். ஒரு இடுக்கில் ஒரு விதை இருந்தது. பாதி கொறிக்கப்பட்டு, காய்ந்து போயிருந்தது. அவள் அதன் பக்கத்திலேயே வெகுநேரம் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த படிக்கு இறங்க மனம் வரவில்லை.

"அக்கா! இங்க வாங்க!" என்று ஆறாம் படியிலிருந்து ஒட்டி கூப்பிட்டான். "சீக்கிரம் வாங்க! ஆனா மெதுவா வாங்க!"

ஆறாம் படியில் தண்ணீர் மிக வேகமாக விழும் இடம் ஒன்று உண்டு. பாறையைத் தினமும் கழுவித் துடைத்து வைத்தது போல அங்கே ஒரு துளி வண்டல்கூட இருக்காது. அந்தப் பாறையின் விரிசலில், புல் போல மெலிந்து, ஒரு விரல் நீளத்துக்கு இரண்டு பச்சை இலைகள் நின்றன. தண்ணீர் அவற்றைப் போட்டு அடித்தது. அவை நடுங்கின. நடுங்கிக்கொண்டே நின்றன.

கவ்வி கிட்டே போனாள். பிஞ்சு வேர் பாறையைப் பிடித்துவிட்டதா? சரியாகப் பிடித்திருக்கிறதா? ஒரே ஒரு சரளைக் கல்தான் அதன் அடியில் இருந்தது. அதை இலேசாக நகர்த்திப் பார்த்தால் தெரிந்துவிடும். அவள் கொடுக்கு தானாக நீண்டது.

ஒட்டி அந்தக் கொடுக்கையே பார்த்தான்.

கல்லைத் தொட ஒரு நூல் இடைவெளி இருந்தபோது கொடுக்கு நின்றது. பிறகு மடங்கித் திரும்பி வந்தது.

"இதுல எருமை ஏற முடியாதுல்ல?" என்று கேட்டாள்.

"முடியாதுக்கா. வழுக்கும்."

"மேல யாராவது தண்ணியை அடைச்சுட்டா?"

"நீங்க இருக்கீங்களே" என்றான் ஒட்டி.

கவ்வி பக்கவாட்டில் நகர்ந்து படியேறினாள். திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டு இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். மூன்றாம் படிக்கு வந்ததும், வாசலில் ஐப்பசி வெள்ளம் செருகிவிட்டுப் போன ஒரு குச்சி குறுக்கே கிடப்பதைப் பார்த்தாள். அதைப் பிடுங்கி ஓரமாகப் போட்டாள். தண்ணீர் சத்தம் போட்டுக்கொண்டு கீழே இறங்கி ஓடியது.

ஒன்றைக் காப்பாற்ற நினைப்பவர், அது எதனால் வாழ்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். தன் பயம் சொல்வதை மட்டும் கேட்டால், காக்கிற கையே அதைப் பிடுங்கிவிடும்.